ஓசோன் துவாரம் காணப்பட்ட வரலாறு

விஞ்ஞானக் கண்டுபிடிப்பு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது ஒரு கணப்பொழுது நிகழ்ச்சியே. நீர்த்தொட்டியில் இறங்கிய ஆர்க்கிமிடீசு எழுந்து ஓடிய கதையும், ஆப்பிள் வீழக் கண்ட நியூற்றன் சிந்தனையில் ஆழ்ந்த கதையும் பாடசாலைப் பருவத்திலேயே நம் உள்ளத்திற் பதிந்துவிடுகின்றன. ஆயின் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு வேறொருவகைக் கண்டுபிடிப்பும் புலனாகும். நாடோறும் ஒரே கருவியால் ஒரே அளவை எடுத்து, எடுத்ததை உள்ளவாறே எழுதிவைத்து, பல்லாண்டு கழிந்தபின் ஏட்டைப் புரட்டிப் பார்க்குங்கால் வெளிப்படும் உண்மை அவ்வகையினது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சூழலியல் விஞ்ஞானம் கண்டவற்றுள் தலையாயதெனத்தக்க ஓசோன் துவாரம் இவ்வாறே காணப்பட்டது. அதனைக் கண்டவர் அதனைத் தேடிச் சென்றாரல்லர்.

ஓசோன் என்பது ஒட்சிசனின் வேறொரு வடிவமே. நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் மூலக்கூற்றில் அணுக்கள் இரண்டு, ஓசோனில் மூன்று. மின் பாயும்போது எழும் ஒருவகை மணத்தைக் கொண்டு 1839ஆம் ஆண்டில் இதனைத் தனிப்பொருளென அறிந்தவர் சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரிற் பேராசிரியராயிருந்த சொன்பைன் என்பவர். மணத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றே அவர் அதற்குப் பெயரிட்டார். நிலத்தை அடுத்து நிற்குமாயின் இவ்வாயு நுரையீரலுக்கும் பயிருக்கும் கேடு செய்வது. ஏறக்குறைய 15 கிலோமீற்றர் முதல் 35 கிலோமீற்றர் வரையுள்ள உயரத்தில், படைமண்டலத்தில் நிற்குமாயின், ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர்களுட் கொடியவற்றைத் தடுத்து உயிர்களைக் காப்பது. நின்ற இடத்தால் நஞ்சாகவும் கவசமாகவும் ஆவதொரு பொருள். இக்கவசத்தின் தடிப்பு யாதென வினவின், வியப்பே மிஞ்சும். நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் கீழே கொணர்ந்து, கடல்மட்ட அமுக்கத்தில், பூச்சியப் பாகையில் விரித்தால் அது 3 மில்லிமீற்றர் அளவினதே ஆகும். அம்மூன்று மில்லிமீற்றர் இன்றேல் தோற்புற்றும் கண்புரையும் பெருகும். கடலின் மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்கள் நலியும். நிலத்தில் உயிர்கள் இன்றுள்ளவாறு வாழ்தல் அரிதாகும்.

ஞாயிற்றொளியின் நிறமாலை ஊதாக்கடந்த பகுதியில் ஓரிடத்தில் திடீரென அற்றுப்போவதற்கு ஓசோனே காரணமென 1881இல் ஹாட்லி கூறினார். 1913இல் பிரான்சு நாட்டு அறிஞராகிய பப்ரியும் பியூசோனும் அது வளிமண்டலத்தில் எவ்வளவு உண்டென்பதை அளந்தனர். எனினும் ஓசோனை நாள்தவறாது அளக்கும் தொழிலை உலகிற்குக் கற்பித்தவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து டொப்சன் என்பவரே. ஓசோன் பெரிதும் உறிஞ்சும் அலைநீளம் ஒன்றையும் சிறிதே உறிஞ்சும் அலைநீளம் ஒன்றையும் எடுத்து, தரையை வந்தடையும் அவ்விரு ஒளிகளின் செறிவையும் ஒப்பிட்டால் இடையில் நின்ற ஓசோனின் அளவு பெறப்படும். இவ்வெளிய நெறியைக் கொண்டு 1920களில் அவர் தம் கருவியை அமைத்தார். ஓசோனை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 100 டொப்சன் அலகு என்பது ஒரு மில்லிமீற்றர் தடிப்பு.

டொப்சனின் நோக்கம் வானிலையை முன்னறிவதே. மேல்வளியின் ஓசோன் அளவு காற்றழுத்த மாற்றங்களோடு ஒத்து மாறுதலை அவர் கண்டிருந்தார். அதனை ஆராயும்பொருட்டுக் கருவிகளைப் பல தேசங்களுக்கும் அனுப்பினார். 1928, 1929ஆம் ஆண்டளவில் அவற்றுள் ஒன்று கோடைக்கானல் மலையிலுள்ள வானாய்வு நிலையத்தை வந்தடைந்தது. அங்கு பதிவான ஒளிப்படத் தகடுகள் ஒக்ஸ்போட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டு ஆராயப்பட்டன. அயனமண்டலத்தில் ஓசோன் குறைவு, ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாதது என்னும் செய்தியை உலகு அறிந்ததில் இத்தமிழ்நாட்டு மலைக்கும் ஒரு பங்கு உண்டு. ஓசோனை ஆக்கும் ஞாயிற்றொளி மிக்குள்ள இடத்தில் அது குறைந்தும், துருவத்தை அணுக அணுக மிகுந்தும் காணப்பட்டது பெரும் புதிராயிருந்தது. மேல்வளி அயனமண்டலத்தில் எழுந்து துருவங்களை நோக்கி மெல்ல நகர்கின்றது என்பதே அப்புதிரின் விடை. ஒட்சிசனும் ஒளியும் சேர்ந்து ஓசோனை ஆக்கியும் அழித்தும் வருமாற்றை 1930இல் சிட்னி சப்மன் விளக்கினார்.

இனி, அந்தாட்டிக்காவிற்குச் செல்வோம். 1957 யூலை முதல் 1958 டிசெம்பர் வரையிலான காலம் சர்வதேச புவிப்பௌதிக ஆண்டெனக் கொண்டாடப்பட்டது. முதற் செயற்கைக் கோள் விண்ணிற் சென்றதும் அப்போதே. அவ்வாண்டின் ஆய்வுகளுக்கு ஆயத்தமாக 1956 சனவரியில் பிரித்தானியர் ஹலி விரிகுடாவில், தென் அகலக்கோடு 75 பாகைக்கும் அப்பால், மிதக்கும் பனித்தட்டின் மீது ஒரு நிலையத்தை நிறுவினர். அங்கே குளிர்காலத்திற் ஞாயிறு நூறு நாட்களுக்கும் மேலாகத் தோன்றுவதில்லை. கட்டிய வீடுகள் சில ஆண்டுகளில் பனிக்குள் அமிழ்ந்துவிடும். மீண்டும் மேலே வேறு வீடுகள் கட்டவேண்டும். இத்தகைய இடத்திற் டொப்சனின் கருவியொன்று வைக்கப்பட்டு ஓசோன் அளக்கப்பட்டது. ஞாயிறு இல்லாத காலத்தில் நிலவொளியைக் கொண்டும் அளந்தனர்.

முதல் ஆண்டிலேயே ஒரு வியப்பு நேர்ந்தது. வடதுருவத்தை அடுத்த ஸ்பிற்சுபேர்கன் தீவில் வசந்த காலத்தில் எவ்வளவு ஓசோன் காணப்பட்டதோ அவ்வளவு தென்கோடியிலும் வசந்தத்திற் காணப்படும் என டொப்சன் எதிர்பார்த்தார். ஹலியிற் பெறப்பட்டதோ அதனினும் ஏறத்தாழ 150 அலகு குறைவு. கருவியோ அதனைக் கையாண்டவரோ பிழைத்திருத்தல் வேண்டும் என முதலில் ஐயுற்றனர். நவம்பரில் அளவு திடீரென உயர்ந்து எதிர்பார்த்த நிலையை அடைந்தது. மறு ஆண்டும் அவ்வாறே நிகழக் கண்டபோதுதான் அது இயற்கையென்பது தெளிவாயிற்று. தென்துருவத்தைச் சுழன்றுவரும் குளிர்காலக் காற்று, உள்ளிருக்கும் வளியைப் புறத்தினின்றும் பிரித்து வைக்கின்றது. அக்காற்று குலையும் வரை ஓசோன் மிக்க வளி உட்புகுவதில்லை. இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்துதல் நன்று. ஒக்டோபரில் 300 அலகு என்பது அக்காலத்து இயல்பான அளவு. பின்னர் நேர்ந்த வீழ்ச்சியை வீழ்ச்சியென அறிவதற்கு அவ்வெண்ணே அடிப்படையாயிற்று.

இதனிடையே கதையின் மறுபகுதி அமெரிக்காவில் வேறொரு திசையிற் தொடங்கியிருந்தது. குளிர்சாதனப் பெட்டிகளில் அக்காலத்தில் வழங்கிய அமோனியா, கந்தகவீரொட்சைட்டு முதலியன கசிந்து உயிர்களை மாய்த்தன. நஞ்சற்றதும் தீப்பற்றாததுமாகிய ஒரு பொருளை நாடிய தோமஸ் மிட்ஜிலி 1928இல் குளோரீனும் புளோரினும் காபனும் கூடிய சேர்வையொன்றைத் தேர்ந்தார். 1930இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் அவையில் அவ்வாயுவைத் தாமே உள்ளிழுத்து, மெழுகுவர்த்திச் சுடர்மீது ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சன்று, எரியாது என்னும் இரண்டும் ஒரே மூச்சில் நிறுவப்பட்டன! குளோரோபுளோரோகாபன் எனும் இவ்வினம் பின்னர் வளிபதனப் பொறிகளிலும், வாசனைத் திரவியங்களை விசிறும் கலன்களிலும், மெத்தைக்குரிய நுரைப்பொருள்களிலும் புகுந்து உலகெங்கும் பரந்தது. மிட்ஜிலியைப் பிற்காலத்தார் சிலர் பழிப்பர். பெற்றோலில் ஈயச் சேர்வையைக் கலக்கும் வழியைக் கண்டவரும் அவரே. ஈயத்தின் நச்சுத்தன்மை அன்றே அறியப்பட்டதாதலின் அதுபற்றிய பழி அவரைச் சாரும். குளோரோபுளோரோகாபன் பற்றி அவரைக் குறைகூறுதல் நேரிதன்று. 1928இல் படைமண்டலத்தின் இரசாயனத்தை எவரும் அறிந்திலர். அவர் முன்னிருந்த தீமையோ கண்கூடானது.

எதனோடும் சேராது நிலைத்திருத்தலே அப்பொருளின் சிறப்பு. அச்சிறப்பே பின்னர்த் தீங்காயிற்று. ஜேம்ஸ் லவ்லொக் என்னும் ஆங்கிலேயர் தாம் அமைத்த நுண்கருவியுடன் 1971, 1972ஆம் ஆண்டுகளில் அந்தாட்டிக்காவை நோக்கிக் கப்பலிற் சென்று, சென்ற இடமெல்லாம் இவ்வாயு காற்றிற் கலந்திருக்கக் கண்டார். ஆக்கப்பட்டதனைத்தும் அழியாது வளியிலேயே நின்றதாகத் தோன்றிற்று. அதனால் தீங்கொன்றும் இல்லையென்றே அவர் அன்று எழுதினார். கலிபோர்னியாவில் ஷேர்வூட் றோலண்ட் என்னும் பேராசிரியருக்கு அவ்வாறு விட்டுவிட மனம் வரவில்லை. இவ்வாயு ஈற்றில் எங்கே செல்கின்றது? மெக்சிக்கோவினின்று வந்து அவரிடம் ஆய்வாளராய்ச் சேர்ந்த மரியோ மொலினா இவ்வினாவை மேற்கொண்டார். கீழ்வளியில் இதனை அழிப்பது ஒன்றுமில்லை. பல்லாண்டு அலைந்து படைமண்டலத்தை அடைந்ததும் ஊதாக்கடந்த கதிர் இதனைப் பிளந்து குளோரீன் அணுவை விடுவிக்கும். அவ்வணு ஊக்கியாய் நின்று, தான் அழியாது, ஓசோன் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஏறக்குறைய ஓரிலட்சம் வரை அழிக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 1974 யூன் மாதத்தில் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. நைதரசன் ஒட்சைட்டுகளும் ஓசோனை இவ்வாறு அழிக்கவல்லன என்பதைப் போல் குறூற்சன் 1970இலேயே காட்டியிருந்தார்.

இம்முடிவு கணிப்பே அன்றிக் காட்சி அன்று. ஆதலின் பெரும் பிணக்கு எழுந்தது. விசிறல் கலன்களில் இவ்வாயுவைப் பயன்படுத்துதலை ஐக்கிய அமெரிக்கா 1978இல் தடைசெய்தது; வேறு சில நாடுகளும் அவ்வழிச் சென்றன. அதன்பின் ஆர்வம் தணிந்தது. புதிய கணிப்புகள் வர வர, எதிர்பார்க்கப்பட்ட இழப்பும் குறைந்துகொண்டே போயிற்று. 1980களின் தொடக்கத்தில், அடுத்த நூற்றாண்டிற் சில சதவீதம் குறையலாம் என்பதே பலரது கருத்து. அவசரம் ஒன்றுமில்லை என உலகு அமைதியுற்றிருந்தது.

நிற்க. ஹலியில் அளவீடு நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் ஆட்கள் மாறினர். கருவியும் குறிப்பேடும் மாறவில்லை. இங்கிலாந்தில் அப்பணிக்குப் பொறுப்பாயிருந்தவர் ஜோசப் பாமன். 1956இலேயே அந்தாட்டிக்கப் பணியிற் சேர்ந்த அவர் புகழை நாடாதவர். அளவீட்டின் துல்லியத்தில் மட்டும் விடாப்பிடியுள்ளவர். 1977இல் அவரிடம் வந்து சேர்ந்த யொனதன் ஷாங்கிளின் என்னும் இளைஞருக்கு, தாள்களிற் கையால் எழுதப்பட்டுத் தேங்கிக் கிடந்த அளவுகளைக் கணினியில் ஏற்றும் பணி தரப்பட்டது. யாரும் விரும்பி ஏற்கும் பணியன்று அது. நிறுவனத்தைப் பொதுமக்கள் வந்து காணும் நாள் ஒன்று வந்தது. விசிறல் கலன்களால் ஓசோனுக்குக் கேடு என அஞ்சிய மக்களுக்கு, இருபது ஆண்டுகட்கு முன் இருந்த அளவே இன்றும் உள்ளது எனக் காட்டி ஆறுதல் கூறலாம் என அவர் எண்ணினார். பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வசந்தகாலத்து அளவுகள் ஒத்துவரவில்லை. புதியவை தாழ்ந்தே நின்றன.

அச்சம் நீக்க எடுத்த ஏடு அச்சத்தை மெய்யென்றது. எனினும் பாமன் விரைந்து அறிவிக்கவில்லை. கருவி பழையது, பிழைத்திருக்கலாம். செம்மை பார்த்த வேறொரு கருவி ஹலிக்கு அனுப்பப்பட்டது. அதுவும் அவ்வாறே காட்டியது. ஹலியினின்றும் வடமேற்கே நெடுந்தொலைவிலுள்ள ஆர்ஜென்ரைன் தீவுகளில் இருந்த மற்றை நிலையத்து ஏட்டை நோக்கினர். அங்கும், சிறிதளவாயினும், வீழ்ச்சி புலப்பட்டது. 1957 முதல் 1973 வரை ஒக்டோபர் மாதச் சராசரி 300 அலகை ஒட்டி நின்றது. 1984இல் 200க்கும் கீழே இறங்கிவிட்டது. மூன்றிலொரு பங்குக்கு மேல் இழப்பு! பாமன், பிறையன் காடினர், ஷாங்கிளின் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை 1985 மே 16ஆம் நாள் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. நான்கே பக்கங்களில் அது உலகை உலுக்கியது.

அப்போது எழுந்த வினா ஒன்றுண்டு. 1978 ஒக்டோபரில் விண்ணிற் செலுத்தப்பட்ட நிம்பசு-7 என்னும் செயற்கைக் கோள் நாடோறும் உலகு முழுவதும் ஓசோனை அளந்துவந்ததே. அது ஏன் காணவில்லை? கணினி அவ்வளவுகளைக் குப்பையென எறிந்துவிட்டது என ஒரு கதை பரவிற்று. இன்றும் நூல்களிற் காணலாம். அக்கதை முழுதும் மெய்யன்று. 180 அலகுக்குக் குறைந்த அளவுகள் ஐயத்திற்குரியன எனக் குறியிடப்பட்டு வைக்கப்பட்டன, எறியப்படவில்லை. நாசா நிறுவனத்தார் அக்குறிகள் பெருகுவதைக் கவனித்து, தென்துருவ நிலையத்துத் தரைக்கருவியின் அளவுகளோடு ஒப்பிட்டனர். அக்கருவியோ பிழையாக அமைக்கப்பட்டிருந்தமையால் 300 அலகு எனக் காட்டிற்று! ஆதலின் கோளையே ஐயுற்றனர். பாமன் குழுவினரின் கட்டுரை வந்தபின் அவர்கள் அளவுகளை மீண்டும் ஆராய்ந்து வெளியிட்ட படங்களே, இழப்பு ஒரு நிலையத்துக்கு மேல் மட்டுமன்றி ஒரு கண்டம் முழுவதன் மேலும் பரந்திருந்ததைக் காட்டின. துவாரம் என்னும் பெயரும் நிலைத்தது. யப்பானியராகிய சுபாச்சி என்பார் சியோவா நிலையத்தில் 1982இல் தாம் கண்ட தாழ்ந்த அளவுகளை 1984இல் கிரேக்க நாட்டில் நடந்த மாநாட்டில் எடுத்துரைத்தார் என்பதும் இங்குக் கூறத்தக்கது. ஓராண்டுக் காலத்து அளவே அவரிடம் இருந்தமையால் வீழ்ச்சியின் பெருமை எவருக்கும் தோன்றவில்லை.

ஆய்வுகூடத்தில் மாணவர் எடுக்கும் அளவுகளைத் திருத்திப் பழகிய ஆசிரியர் எவரும் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திப்பர். வரவேண்டிய விடையை முன்னரே அறிந்த மாணவன், ஒத்துவராத ஓர் எண்ணை அழித்து ஒத்துவரும் எண்ணை எழுதிவிடுகின்றான். நாமும் முழுப்புள்ளி இடுகின்றோம். ஹலியில் குளிர்காலத்தைக் கழித்த இளைஞருள் ஒருவரேனும் அவ்வாறு செய்திருப்பின்?

துவாரம் உண்டென்பது ஐயமறத் தெளிந்தது. அதன் காரணமோ தெளியவில்லை. ஞாயிற்றின் மாற்றம் என்றனர் ஒரு சாரார். காற்றோட்ட மாற்றம் என்றனர் மற்றொரு சாரார். றோலண்ட், மொலினா கூறியவாறு குளோரீன் அழிப்பதாயின், அழிவு மிக உயரத்திலன்றோ நிகழ்தல் வேண்டும்? இங்கோ 12 முதல் 20 கிலோமீற்றர் உயரத்தில், அதுவும் வசந்தத்தில் மட்டும் நிகழ்ந்தது. விடையைக் கண்டவர்களுள் முதன்மையானவர் சூசன் சொலமன் என்னும் இளம் பெண் விஞ்ஞானி. துருவ இரவில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 78 பாகைக்கும் தாழுங்கால் படைமண்டலத்தில் மெல்லிய முகில்கள் உண்டாகும். தீங்கற்ற சேர்வைகளாய் அடங்கிக் கிடந்த குளோரீன் அம்முகிற்றுணிக்கைகளின் மேற்பரப்பில் தாக்கமுற்று வெளிப்படும். வசந்தத்து முதல் ஒளி பட்டதும் அணுக்களாய்ப் பிரிந்து ஓசோனை அழிக்கத் தொடங்கும். 1986இல் அவர் தலைமையில் ஒரு குழு மக்மேர்டோ நிலையத்திற்குச் சென்று அளந்தது. 1987இல் சிலி நாட்டின் தென்கோடியிலுள்ள புந்தா அறேனாசிலிருந்து நாசாவின் விமானம் ஏறக்குறைய 18 கிலோமீற்றர் உயரத்திற் பறந்து துருவச் சுழலுட் புகுந்தது. குளோரீன் ஓரொட்சைட்டு ஏறிய இடத்தில் ஓசோன் இறங்கியது. ஏற்ற இறக்கங்கள் ஒன்றற்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்தன. அவற்றை மிகத் தெளிவாகக் காட்டிய பறப்பு 1987 செப்ரெம்பர் 16ஆம் நாளினது.

அதே நாளில் கனடாவின் மொன்றியல் நகரில் இருபத்து நான்கு நாடுகள் கூடி, குளோரோபுளோரோகாபன் ஆக்கத்தைப் படிப்படியாகப் பாதியாக்கும் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. விமானத்தின் அளவுகள் அவர்கள் கையை இன்னும் எட்டவில்லை. 1985 மார்ச்சில் கைச்சாத்தான வியன்னா உடன்படிக்கையும் பாமனின் கட்டுரைக்கு முந்தியதே. காரணம் முற்றாக நிறுவப்படுமுன் அரசுகள் செயலில் இறங்கியமை அரசியல் வரலாற்றில் அரிது. குளிர்சாதனப் பெட்டியை அப்போதுதான் காணத்தொடங்கிய வறிய நாடுகள், செல்வர் செய்த கேட்டுக்கு நாம் ஏன் இழப்பை ஏற்கவேண்டும் என வினவின, அவ்வினா நியாயமானதே. அவற்றிற்குப் பத்தாண்டு அவகாசமும், 1990இல் இலண்டனிற் தீர்மானிக்கப்பட்ட பொதுநிதியும் வழங்கப்பட்டன. அந்நிதியின்றேல் மொன்றியல் ஒப்பந்தம் செல்வ நாடுகளின் ஏடாகவே முடிந்திருக்கும் என்பது எம் கருத்து. உடன்படிக்கை நாடுகளின் பதின்மூன்றாவது கூட்டம் 2001 ஒக்டோபரில் நம் கொழும்பு நகரிலே நடைபெற்றது. 2009இல் உலகின் எல்லா நாடுகளும் அதனை ஏற்றன. குறூற்சன், மொலினா, றோலண்ட் மூவரும் 1995இல் இரசாயனத்துக்குரிய நோபல் பரிசு பெற்றனர். ஹலி ஏட்டினருக்கு அப்பரிசு கிடைக்கவில்லை.

அளவீடு பின்னரும் காவலாய் நின்றது. அழிந்துவருவதாகக் கருதப்பட்ட சிஎஃப்சி-11 என்னும் வாயு எதிர்பார்த்த வேகத்திற் குறையவில்லை என 2018இல் அறிவிக்கப்பட்டது. எங்கோ எவரோ களவாக ஆக்குகின்றனர். கொரியாவிலும் யப்பானிலும் உள்ள நிலையங்களின் அளவுகளைக் கொண்டு அவ்வாயுவின் பெரும்பங்கு கிழக்குச் சீனத்தினின்று எழுந்தது என 2019இல் காட்டப்பட்டது. அதன்பின் அது மீண்டும் வீழ்ந்தது. இவ்வாயு வளியில் ஐம்பது ஆண்டளவு நிலைப்பதாதலின் மீட்சி மெல்லவே நிகழும். உலக வானிலை அமைப்பும் ஐக்கிய நாடுகளின் சூழல் திட்டமும் 2023 சனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலையை அடைவது 2066ஆம் ஆண்டளவிலாகும். வடதுருவத்தில் 2045, ஏனைய இடங்களில் 2040. துவாரம் ஆண்டுக்காண்டு சுருங்கிவரும் எனக் கருதலாகாது. 2019இற் சிறிதாயிருந்தது, 2020 முதல் 2023 வரை பெரிதாகவும் நெடிதாகவும் நிலைத்தது.

ஹலியிலோ, பனித்தட்டிற் பிளவு தோன்றியமையால் 2017 முதல் குளிர்காலத்தில் ஆட்கள் தங்குவதில்லை. இவ்வேளையிற் படைமண்டலத்தில் புதியதொன்று காணப்பட்டுள்ளது. அங்கே மிதக்கும் கந்தக அமிலத் துணிக்கைகளிற் பத்தில் ஒரு பங்களவில் அலுமினியமும் வேறு உலோகங்களும் கலந்துள்ளன. அவை விண்ணினின்று மீளுங்கால் எரிந்தழியும் உந்துகணைகளினதும் செயற்கைக் கோள்களினதும் எச்சம் என 2023இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. அவ்வுலோகத் துகள்களால் ஓசோனுக்கு நேர்வது யாது என்பதை அறிய ஆய்வாளர் இப்பொழுது அளக்கத் தொடங்கியுள்ளனர்.